முகூர்த்தப் பட்டு பெட்டிக்குள்ளேயே கிழிவது ஏன்?

காஞ்சிபுரத்தில் நெய்த முகூர்த்தப் புடவை பெரும்பாலான வீடுகளில் ஒரே ஒரு நாள்தான் காலை முதல் மாலைவரை உடுத்தப்படுகிறது. பிறகு தலைதீபாவளி, வளைகாப்பு என்று ஒன்றிரண்டு தடவை வெளியே வரும். அதன்பின் பீரோவின் மேல்தட்டில், கடையில் கொடுத்த அட்டைப்பெட்டியிலேயே, பிளாஸ்டிக் உறையும் இரண்டு அந்துருண்டையுமாகத் தங்கிவிடும். இருபத்தைந்து ஆண்டு கழித்து மகளின் கல்யாணப் பேச்சு வரும்போது பிரித்துப் பார்த்தால், மடிப்பு விழுந்த வரிகளில் பட்டு வெடித்திருக்கும், ஜரிகை கறுத்திருக்கும், இடுப்பிலும் தோளிலும் முன்பு இல்லாத பழுப்புத் திட்டுகள் தெரியும். அதே பீரோவில், பண்டிகைதோறும் பாட்டி கட்டிய அரக்கு நிறப் புடவை, அதைவிட வயதில் மூத்தது, நூல் தளர்ந்திருந்தாலும் கிழியாமல் இருக்கும்.

கட்டாத புடவை கிழிகிறது, கட்டிய புடவை நிலைக்கிறது. அந்தக் காலத்துச் சரக்கே தனி என்று சொல்லி இந்தப் புதிரை முடித்துவிடலாம். நூலின் கனத்திலும் ஜரிகையின் வெள்ளியிலும் வேறுபாடு உண்டு என்பதால் அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. ஆனால் ஒரே ஆண்டில், ஒரே தறியில் நெய்த இரண்டு புடவைகள்கூட இரண்டு வீடுகளில் இரண்டு விதமாக மூப்படைகின்றன. காரணம், பட்டு ஒரு புரதம், ஜரிகை ஓர் உலோகம். பெட்டியை மூடிய பிறகும் இரண்டும் காற்றோடும் ஈரத்தோடும் ஒன்றோடொன்றும் வினைபுரிந்துகொண்டே இருக்கின்றன. அந்த வினைகளைப் பூட்டு நிறுத்துவதில்லை. சில சமயம் விரைவுபடுத்துகிறது.

முதலில் பட்டு. காஞ்சிபுரத் தறிகளுக்கு வரும் நூலில் பெரும்பகுதி கர்நாடகத்து மல்பெரிப் பட்டு. பட்டுப்புழு தன் வாயருகே உள்ள துளையிலிருந்து இரண்டு மெல்லிய இழைகளை ஒருங்கே வெளிவிட்டு, அவற்றைப் பசையால் ஒட்டிக் கூடு கட்டுகிறது. இழை ஃபைப்ராயின் என்ற புரதம். பசை செரிசின் என்ற இன்னொரு புரதம். கச்சாப் பட்டின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு இந்தப் பசைதான். சாயம் ஏற்றுவதற்கு முன் நூலைச் சோப்பும் காரமும் கலந்த வெந்நீரில் வேகவைத்துப் பசையைக் கரைத்து விடுகிறார்கள். அப்போதுதான் பட்டுக்கு அதன் பளபளப்பு வருகிறது. இழையின் குறுக்குவெட்டு வட்டமாக இல்லாமல் முக்கோண வடிவில் இருப்பதால் ஒளி அதன் பக்கங்களில் பட்டுத் தெறிக்கிறது. பசை போன பிறகு ஃபைப்ராயினுக்கு மேலுறை எதுவும் இல்லை. கல்யாணப் புடவையில் இருப்பது கவசம் கழற்றிய புரதம்.

ஃபைப்ராயினின் மூலக்கூறு மிக நீளமானது. அதன் முதன்மைச் சங்கிலியில் மட்டும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கோக்கப்பட்டிருக்கின்றன. கிளைசின், அலனின், செரின் என்ற மூன்று சிறிய அமினோ அமிலங்கள் மாறிமாறி வரும் இடங்களில் பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகள் நெருங்கிப் படிந்து படிகம்போல் இறுகிவிடுகின்றன. இடையிடையே டைரோசின் போன்ற பருத்த அமினோ அமிலங்கள் வருமிடத்தில் அந்த ஒழுங்கு குலைந்து சங்கிலி தளர்வாக நெளிகிறது. காஞ்சிபுரம் கோயில் வாசல்களில் விற்கும் மல்லிகைச் சரத்தில் பூக்கள் நெருங்கிக் கட்டிய பகுதியும், நடுநடுவே வெறும் நாராக விட்ட பகுதியும் உண்டல்லவா? சரத்தை இழுத்தால் பூக்கட்டு அறுவதில்லை, வெறும் நார்தான் அறும். பட்டிலும் அப்படித்தான். இறுகிய படிகப் பகுதி வலுவைத் தருகிறது, தளர்ந்த பகுதி நெளிவைத் தருகிறது. மூப்பு தொடங்குவது தளர்ந்த பகுதியில். நீரும் ஆக்சிஜனும் அமிலமும் அங்கேதான் உள்ளே நுழைய முடியும். நெளிவு போன பட்டு பார்வைக்கு அப்படியே இருக்கும். மடித்துப் பிரிக்கும்போதுதான் அது போய்விட்டது தெரியும்.

சங்கிலி அறுவதை நேரில் பார்க்க முடியாது. பிறகு எப்படித் தெரியும்? ஒரு வழி, பழைய பட்டின் சிறு துணுக்கை லித்தியம் புரோமைடு போன்ற உப்புக் கரைசலில் கரைத்து அதன் பாகுத்தன்மையை அளப்பது. நீண்ட சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிக் கரைசலைக் கெட்டியாக்கும். சங்கிலிகள் துண்டுபட்டிருந்தால் கரைசல் நீர்த்து ஓடும். புதிய பட்டைச் சூட்டிலும் ஈரத்திலும் பலமான ஒளியிலும் வெவ்வேறு நாட்கள் வைத்து, செயற்கையாக மூப்படையச் செய்து, ஒவ்வொரு கட்டத்திலும் இப்படி அளந்து பார்த்தால் எந்த எதிரி எவ்வளவு வேகமாக அறுக்கிறது என்பது விளங்கும்.

இன்னொரு வழி 2011இல் வெளிவந்தது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் மெஹ்தி மொயினியும் உடன் பணியாற்றியவர்களும் பட்டிலுள்ள அஸ்பார்டிக் அமிலத்தை ஆராய்ந்தார்கள். உயிரினம் அமினோ அமிலங்களை இடக்கை வடிவில் மட்டுமே கட்டுகிறது. புழு கூடு கட்டி முடித்த நாளிலிருந்து அவை மெல்ல மெல்ல வலக்கை வடிவத்துக்கு மாறுகின்றன. வயது ஏற்கெனவே தெரிந்த அருங்காட்சியகப் பட்டுகளில் இந்த விகிதத்தை அளந்து, வயது தெரியாத பட்டின் காலத்தைக் கணிக்கும் முறையை அவர்கள் உருவாக்கினார்கள். பண்டைச் சீனத்துப் பட்டும் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் போர்க்கொடியும் அந்த ஆய்வில் இடம்பெற்றன. பீரோவுக்குள் மடித்து வைத்த புடவையின் புரதமும் நாள்தோறும் மாறிக்கொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இந்த மாற்றத்தை எல்லாவற்றையும்விட வேகப்படுத்துவது ஒளி. இயற்கை இழைகளில் ஒளியைத் தாங்குவதில் மிகப் பலவீனமானது பட்டு. டைரோசினும் டிரிப்டோஃபானும் புற ஊதாக் கதிரை உறிஞ்சி, அந்த ஆற்றலால் பக்கத்துப் பிணைப்புகளைச் சிதைக்கின்றன. வெளிர் நிறப் பட்டு மஞ்சளிப்பதும் இதனால்தான். சாயமும் கூடவே வெளிறும். அருங்காட்சியகங்கள் பட்டுத் துணிமேல் விழும் வெளிச்சத்தை 50 லக்ஸ் அளவில் நிறுத்துவது வழக்கம். நண்பகல் வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். மொட்டைமாடிக் கொடியில் ஒரு மணி நேரம் வெயிலில் கிடக்கும் புடவை, அருங்காட்சியகக் கூடத்தில் 2,000 மணி நேரம் வாங்கும் ஒளியை வாங்கிவிடுகிறது. வெயிலின் புற ஊதா அதற்கு மேல். ஒளியால் வந்த சேதம் சேர்ந்துகொண்டே போகும், இருட்டில் வைத்தால் ஆறிவிடாது. பட்டை வெயிலில் காயப்போடாதே என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது முழுக்க முழுக்கச் சரி.

அடுத்தது ஈரம். பட்டு நீரை விரும்பும் இழை. சாதாரண ஈரப்பதமுள்ள காற்றில் 100 கிராம் உலர்ந்த பட்டு சுமார் 11 கிராம் நீரைத் தன்னுள் வைத்துக்கொள்ளும். அந்த நீர்தான் இழைக்கு நெளிவைத் தருகிறது. முற்றிலும் உலர்ந்தால் நொறுங்கும். ஆனால் ஈரம் மிகும்போது நீர் மூலக்கூறுகளே சங்கிலியின் பிணைப்புகளில் புகுந்து அறுக்கின்றன. அமிலம் இருந்தால் இந்த நீராற்பகுப்பு இன்னும் வேகம். காற்றின் ஒப்பு ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நீடித்தால் பூஞ்சணமும் பிடிக்கும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில் வடதமிழகத்து வீடுகளில் இது சாதாரண நிலைமை. மழைநீர் ஊறும் வெளிச்சுவரை ஒட்டிய பீரோவில் நிலைமை இன்னும் மோசம். கோடையில் மொட்டைமாடிக்கு நேர்கீழே இருக்கும் அறையின் பரண் கொதிக்கும். சூடு கூடினால் எல்லா வினையும் விரையும். ஆகவே பீரோவின் மேல்தட்டு, அதிலும் பரண், பட்டுக்கு உகந்த இடம் அல்ல. வீட்டின் நடுவிலுள்ள அறையில், உட்சுவரை ஒட்டிய பீரோவின் நடுத்தட்டு அதைவிட நல்லது.

இனி ஜரிகை. அசல் ஜரிகை தங்கக் கம்பி அல்ல. நடுவே ஒரு பட்டு நூல். அதைச் சுற்றித் தட்டையாக்கிய மெல்லிய வெள்ளிக் கம்பி, அதில் செம்பும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேல் தங்கத்தின் மிக மெல்லிய பூச்சு. 2005இல் புவிசார் குறியீடு பெற்ற காஞ்சிபுரம் பட்டுக்கு வகுத்த வரையறையில் ஜரிகையில் 57 சதவீதம் வெள்ளியும் 0.6 சதவீதம் தங்கமும் இருக்க வேண்டும். காஞ்சிபுரத்தில் 1971இல் தொடங்கிய தமிழ்நாடு ஜரிகை ஆலையின் தயாரிப்பில் 40 சதவீதம் வெள்ளி, 35.5 சதவீதம் செம்பு, 24 சதவீதம் பட்டு, 0.5 சதவீதம் தங்கம் என்ற கலவையும் உண்டு. தெருவில் வந்து பழைய பட்டுப்புடவை வாங்குகிறவர்கள் ஜரிகையை எரித்து உருக்கித் தேடுவது இந்த வெள்ளியைத்தான். புடவையை எரிக்காமலே உலோக அளவை அறிய இப்போது எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவி இருக்கிறது. அது பாய்ச்சும் கதிரில் ஒவ்வொரு உலோகமும் தனக்கே உரிய ஆற்றலில் திருப்பி ஒளிர்வதால், எது எவ்வளவு என்று எண்ணிவிடலாம்.

தங்கம் கறுக்காது. கறுப்பது அதன் அடியிலுள்ள வெள்ளியும் செம்பும். அவ்வளவு மெல்லிய தங்கப்பூச்சில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. ஒவ்வொரு மடிப்பும் உராய்வும் புதிய விரிசல்களைத் திறக்கின்றன. காற்றில் நூறு கோடியில் சில பங்கு ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு இருந்தால்கூட, அது அந்த விரிசல் வழியே புகுந்து வெள்ளியை வெள்ளி சல்ஃபைடாக மாற்றுகிறது. படலம் மிக மெல்லியதாக இருக்கும்போது மஞ்சளாகவும், பிறகு பழுப்பாகவும் நீலமாகவும், தடித்தபின் கறுப்பாகவும் தெரியும். காலில் கிடக்கும் வெள்ளிக் கொலுசு கறுப்பதும் இதே வினைதான். ஆனால் கொலுசைத் தேய்த்து வெளுக்கலாம், ஜரிகையைத் தேய்த்தால் தங்கம்தான் முதலில் போகும். கந்தகம் எங்கிருந்து வருகிறது? சாக்கடை வாயு, ரப்பர் வளையம், கம்பளித் துணி, மலிவான அட்டைப்பெட்டி எல்லாம் அதன் பிறப்பிடங்கள். பட்டாசின் வெடிமருந்தில் கந்தகம் சேர்வதால், தீபாவளியன்று தெருவில் நின்ற புடவையை அப்படியே மடித்து உள்ளே வைப்பது ஜரிகைக்குச் செய்யும் தீங்கு.

உலோகத்துக்கு இன்னொரு எதிரி வியர்வை. தங்கம், வெள்ளி, செம்பு மூன்றும் ஒன்றையொன்று தொட்டிருக்க, நடுவே உப்புநீர் வந்தால், அது சிறு மின்கலமாகிவிடுகிறது. அதில் கரைந்து அரிபடுவது எப்போதும் தாழ்ந்த உலோகமான செம்பு. அக்குளிலும் இடுப்பிலும் ஜரிகை ஓரத்தில் பச்சை படர்வது இதனால். தெரியாமல் விட்டுவைத்த ஊக்கு ஒன்று துருப்பிடித்தால் துணியில் கறை விழுவதோடு நிற்பதில்லை. இரும்பு உப்பு பக்கத்து இழையின் ஆக்சிஜனேற்றத்தையும் விரைவுபடுத்தி அங்கே ஓட்டை விழச் செய்யும். கல்யாணத்தன்று கொசுவத்துக்கும் முந்தானைக்கும் குத்திய ஊக்குகளை அன்றிரவே எண்ணி எடுத்துவிட வேண்டும்.

உண்மையில் புடவையின் ஆயுளை நிர்ணயிப்பதில் கல்யாண நாளுக்கு இருக்கும் பங்கு பெரிது. விடியற்காலையிலிருந்து மணப்பெண் ஓமகுண்டத்தின் முன் அமர்கிறாள். நெய்யும் சமித்தும் எரிந்த புகையின் கரித்துகள் நூலிடுக்கில் படிகிறது. வரவேற்பில் பன்னீர் தெளிக்கிறார்கள். அந்தத் துளி காயும்போது நூலிலுள்ள கஞ்சிப்பசையையும் சாயத்தையும் ஓரத்துக்குத் தள்ளி வளையமிடும். மாலையின் ஈரமும் பூச்சாறும் மார்பில் இறங்குகின்றன. சந்தனம், குங்குமம், மஞ்சள் நனைத்த தாலிக்கயிறு கழுத்தோரத்தில். பாலும் பழமும், பாயசமும், குளிர்பானமும் மடியில் ஒரு சொட்டாவது சிந்தாமல் இருப்பதில்லை. எல்லாவற்றுக்கும் அடியில், அனல் முன் மணிக்கணக்காக உட்கார்ந்ததன் வியர்வை. வியர்வைக்குப் பூசும் நறுமணப் பொருள்களில் உள்ள அலுமினிய உப்புகள் அமிலத்தன்மை உள்ளவை, அவையும் சேர்ந்துகொள்கின்றன.

இவற்றில் கண்ணுக்குத் தெரியும் கறையைவிடத் தெரியாத கறைதான் ஆபத்து. குங்குமம் தெரிந்தால் யாராவது துடைப்பார்கள். சர்க்கரைத் தண்ணீரும் வியர்வையும் காய்ந்தபின் ஒன்றும் தெரியாது, புடவை சுத்தமாக இருப்பதாகவே தோன்றும். ஆனால் சர்க்கரை மாதக்கணக்கில் ஆக்சிஜனேற்றம் அடைந்தும், பட்டின் அமினோ அமிலங்களோடு வினைபுரிந்தும் பழுப்பாகிறது. வியர்வையின் உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துத் தன்னைச் சுற்றியே வைத்துக்கொள்கிறது. 25 ஆண்டுக்குப் பிறகு தோன்றும் பழுப்புத் திட்டு கல்யாண நாளில் விழுந்ததுதான், வெளியே தெரியத்தான் அத்தனை காலம் ஆயிற்று. பண்டிகைதோறும் கட்டிய புடவைக்கு வாய்த்த நன்மையும் இங்கேதான் விளங்குகிறது: ஒவ்வொரு முறையும் அது காற்றாட விரிக்கப்பட்டது, துடைக்கப்பட்டது, வேறொரு மடிப்பில் மடிக்கப்பட்டது.

கல்யாணம் முடிந்த முதல் வாரத்துக்குள் புடவையைச் சுத்தம் செய்வது அதனால்தான் முக்கியம். டிரை கிளீனிங்கில் நீருக்குப் பதில் பெர்குளோரோஎத்திலீன் போன்ற கரைப்பான் பயன்படுகிறது. அது நெய், எண்ணெய், உதட்டுச்சாயம் முதலியவற்றைக் கரைக்கும். உப்பையும் சர்க்கரையையும் கரைக்காது. எனவே எந்த இடத்தில் என்ன சிந்தியது என்று கடைக்காரரிடம் சொல்லிக் கொடுக்க வேண்டும்; சொன்னால் அந்த இடத்தை மட்டும் நீர் கலந்த மருந்தால் தனியே எடுத்துவிட்டுத்தான் அவர் மற்றதைத் தொடங்குவார். சொல்லாமல் கொடுத்துச் சூடான இஸ்திரி போட்டுவிட்டால் சர்க்கரைக் கறை அங்கேயே நிலைத்துவிடும். மஞ்சள் பட்ட இடத்தில் சோப்பு போடுவது வீண் வேலை. மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் காரத்தில் சிவக்கும். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து குங்குமம் செய்யும் வினை புடவையிலேயே நடந்துவிடும்.

வீட்டில் அலசுவதாக இருந்தால் சலவைத்தூளைத் தொடவே கூடாது. பல சலவைத்தூள்களில் கறையின் புரதத்தைச் செரிக்கும் புரோட்டியேஸ் நொதி சேர்க்கிறார்கள். பட்டும் புரதம்தான், நொதிக்குக் கறை எது, புடவை எது என்ற பேதம் தெரியாது. குளோரின் கலந்த வெளுப்பான் பட்டை நேரடியாகச் சிதைக்கும். முன்பு பயன்பட்ட பூந்திக்கொட்டையின் நுரை காரமற்றது, பட்டுக்கு இதமானது. முதல் அலசலில் உப்பு போட்டால் சாயம் நிற்கும் என்ற நம்பிக்கையை மட்டும் கைவிடுவது நல்லது. பட்டுக்கு ஏற்றும் அமிலச் சாயங்களை உப்பு பிடித்து வைப்பதில்லை, மிஞ்சும் உப்போ ஜரிகையின் செம்பை அரிக்கும். அரக்கு உடலும் பச்சைக் கரையுமாகக் கோர்வை போட்ட, அதாவது உடலையும் கரையையும் நெசவிலேயே இணைத்த, புடவையில் ஒரு நிறம் இன்னொன்றில் ஏறும் ஆபத்தும் இருப்பதால், முகூர்த்தப் பட்டை முழுதாக நீரில் நனைக்காமல் இருப்பதே உத்தமம்.

பூச்சிகளின் பங்குக்கு வருவோம். அந்துப்பூச்சியின் புழுவுக்கு மிகப் பிடித்த உணவு கம்பளி. கம்பளிக் கெரட்டினில் நிறைந்துள்ள கந்தகப் பிணைப்புகளை உடைத்துச் செரிக்க அதன் குடல் பழகியிருக்கிறது. பட்டில் கந்தகம் மிகக் குறைவு. சுத்தமான பட்டைக் கம்பளி அளவுக்கு அது நாடுவதில்லை. வியர்வையும் உணவுக்கறையும் படிந்த பட்டை விடுவதில்லை. கம்பள வண்டு என்ற சிறு வண்டின் ரோமம் அடர்ந்த புழு பட்டையும் தின்னும். ராமபாணம் என்ற பூச்சி தேடி வருவது மாவுச்சத்தை. காஞ்சிபுரத்தில் பாவு நூலை அரிசிக் கஞ்சியில் தோய்த்து, அதிகாலையில் தெருநீளத்துக்கு விரித்துக் காயவைத்து விறைப்பேற்றுவது நெடுங்கால வழக்கம். பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருக்களின் காட்சி அது. தறியில் நூலைக் காப்பாற்றும் அந்தக் கஞ்சியின் மிச்சம் ராமபாணத்துக்கு உணவாகிறது.

பூச்சிக்கு அந்துருண்டை போடுவது வழக்கம். அது நாப்தலீன். திடநிலையிலிருந்து நேரே ஆவியாகும் பதங்கமாதல் என்ற பண்பு அதற்கு உண்டு. ஆவி அடர்ந்து நின்றால்தான் பூச்சி சாகும். அடிக்கடி திறக்கும் பீரோவில் அந்த அடர்த்தி சேர்வதில்லை, நாற்றம் மட்டுமே சேர்கிறது. குளிர்ந்த நேரத்தில் அதே ஆவி துணியிலேயே மீண்டும் படிகமாகப் படியும். இதில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும் இருக்கிறது. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடுள்ள பச்சிளங்குழந்தைகளுக்கு நாப்தலீன் ஆவி பட்டால் சிவப்பணுக்கள் உடைந்து கடும் மஞ்சள் காமாலை வரக்கூடும். கிரேக்க மருத்துவர்கள் 1963இல் இத்தகைய குழந்தைகளைப் பற்றி விரிவாக எழுதினார்கள். அந்துருண்டையோடு கிடந்த பட்டைப் பெயர்சூட்டு விழாவுக்கு உடுத்தி, அதே மடியில் குழந்தையைக் கிடத்துவது வேண்டாம். வசம்பு, காய்ந்த வேப்பிலை, கிராம்பு ஆகியவற்றின் மணமும் பூச்சிகளை ஓரளவு விலக்கும். அவற்றை மெல்லிய துணியில் முடிந்து, புடவையைத் தொடாமல் தட்டின் மூலையில் வைக்க வேண்டும். அவற்றின் எண்ணெயும் கறைபடுத்தும். பூச்சி விழுந்துவிட்ட துணிக்கு அருங்காட்சியகங்கள் மருந்து அடிப்பதில்லை. பாலித்தீன் உறையில் காற்றை வெளியேற்றி மூடி, கடுங்குளிரில் ஓரிரு வாரம் வைத்து முட்டையோடு அழித்துவிடுகின்றன.

உறை எதுவாக இருக்கலாம்? பழைய வெள்ளை வேட்டியே போதும். சாயமும் கஞ்சியும் நீலமும் இல்லாமல் நன்றாக அலசிக் காய்ந்த பருத்தி வேட்டி காற்றை விடும், தூசியையும் ஒளியையும் தடுக்கும், ஈரம் ஏறி இறங்கும்போது முதல் அதிர்ச்சியைத் தானே வாங்கிக்கொள்ளும். செய்தித்தாளில் அமிலமும் மையும் உண்டு, ஆகாது. பி.வி.சி. பிளாஸ்டிக் காலப்போக்கில் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியை விடும், அதுவும் ஆகாது. காற்றுப் புகாமல் அடைத்தால் பட்டு நிலைக்கும் என்ற எண்ணத்துக்கு ஓர் அடிப்படை இருக்கத்தான் செய்கிறது. சீனாவின் சாங்ஷா நகரருகே மவாங்துய் என்ற இடத்தில் 1972இல் தோண்டிய கல்லறையில் 49 கிராமே எடையுள்ள ஒரு பட்டு மேலாடை 2,100 ஆண்டுகளுக்குப் பிறகும் முழுதாகக் கிடைத்தது. கரியும் வெண்களிமண்ணும் அடைத்து மூடிய அந்தக் கல்லறையில் ஒளி இல்லை, ஆக்சிஜன் தீர்ந்துபோயிருந்தது. ஜிப் வைத்த புடவை உறை அப்படிப்பட்டதல்ல. ஆக்சிஜனை உள்ளே விட்டு, ஈரத்தை மட்டும் வெளியே போகவிடாமல் பிடித்து வைக்கிறது.

மடிப்பின் கணக்கு வேறு. புடவையை மடிக்கும் வரியில் ஒரு பக்கத்து நூல் இழுபடுகிறது, மறுபக்கத்து நூல் நசுங்குகிறது. ஒரே வரியில் 20 ஆண்டு அழுத்தம் இருந்தால் நெளிவிழந்த பட்டு அந்த வரியிலேயே பிளக்கும். ஜரிகை நிறைந்த இடத்தில் உலோகத் தகடு முறிந்து உள்நூலையும் அறுக்கும். காஞ்சிபுரப் புடவையில் கவனிக்க வேண்டிய இடம் முந்தானை இணையும் பேட்டு. உடலின் பாவு ஒரு நிறமாகவும் முந்தானையின் பாவு வேறு நிறமாகவும் இருந்தால், பழைய பாவின் ஒவ்வொரு இழையோடும் புதிய பாவின் இழையைக் கையால் பிணைத்து நெசவைத் தொடர்வார்கள். அந்த இணைப்பில் இரண்டு பாவும் சேர்ந்து தடித்த பட்டை ஒன்று தெரியும். விரலால் தடவினாலே புலப்படும். புடவை கிழிந்தாலும் கரை பிரியாது என்று பெருமையாகச் சொல்வது இப்படிப்பட்ட இணைப்புகளின் வலிமையை நினைத்துத்தான். பலவீனம் இணைப்புக்கு அடுத்த விரற்கடையில், தடித்த பட்டையும் மெல்லிய உடலும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. அங்கே கூர்மடிப்பு விழக் கூடாது. உடலும் ஜரிகைக் கரையும் சேரும் கோட்டுக்கும் இதே விதி.

ஆகவே மடிப்பின் உள்ளே சுருட்டிய பருத்தித் துணியை வைத்து வளைவை உருண்டையாக்க வேண்டும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை பிரித்து, முன்பு மடித்த இடத்தைத் தவிர்த்து வேறிடத்தில் மடிக்க வேண்டும். ஜரிகைப் பக்கம் உள்ளே இருந்தால் உராய்வு குறையும். அகலமான குழாயில் பருத்தித் துணியைச் சுற்றி, அதன்மேல் புடவையைச் சுருட்டி வைப்பது எல்லாவற்றிலும் சிறந்தது. இடவசதி உள்ளவர்களுக்கே அது கைகூடும். ஹேங்கரில் தொங்கவிடுவது கூடாது. கனத்த முகூர்த்தப் புடவையின் எடை முழுவதும் கம்பியின் மேல் பட்ட ஒரே கோட்டில் மாதக்கணக்கில் தொங்கும்.

பிரித்து மடிக்கும் நாளையே காற்றாட விடும் நாளாகவும் வைத்துக்கொள்ளலாம். மழைக்காலம் ஓய்ந்து காற்று உலர்ந்த தை, மாசி இதற்கு ஏற்றது. மின்விசிறியின் கீழே, வெயில் நேராக விழாத கூடத்தில், சுத்தமான வேட்டி விரித்து அதன்மேல் சில மணி நேரம் பரப்பி வைத்தால் போதும். ஜப்பானில் நாரா நகரத்துத் தோதாய்ஜி ஆலயத்தைச் சேர்ந்த ஷோசோயின் களஞ்சியம் இந்த வழக்கத்துக்கு உலகறிந்த உதாரணம். 756இல் ஷோமு பேரரசர் மறைந்தபின் காணிக்கையாகச் செலுத்திய பொருட்களும், 8ஆம் நூற்றாண்டுப் பட்டுத் துணிகள் ஏராளமும் அங்கே காக்கப்பட்டு இன்றும் எஞ்சியிருக்கின்றன. நூற்றாண்டுகளாக அவை இருந்தது தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய மரக் களஞ்சியத்தில், மரப்பேழைகளுக்குள். வெளியே ஈரம் எவ்வளவு ஏறி இறங்கினாலும் பேழைக்குள் அது மெல்லத்தான் மாறியது. ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தின் உலர்ந்த நாட்களில் களஞ்சியத்தைத் திறந்து பொருட்களைச் சோதித்துப் பார்க்கிறார்கள்.

ஏற்கெனவே சேதமான புடவையைக் கையாளவும் முறை உண்டு. மடிப்பில் வெடித்த பட்டை இழுத்துத் தைக்கக் கூடாது; ஊசி குத்திய ஒவ்வொரு துளையும் புதிய பிளவுக்குத் தொடக்கமாகும். துணிப் பாதுகாப்பு வல்லுநர்கள் அதே நிறத்தில் சாயமேற்றிய மெல்லிய பட்டை அடியில் கொடுத்து, நல்ல நெசவுள்ள பகுதியில் மட்டும் தளர்ந்த தையலிட்டுத் தாங்கச் செய்கிறார்கள். கறுத்த ஜரிகைக்குப் பற்பசையோ வெள்ளி துலக்கும் திரவமோ வேண்டாம். முதலாவது தங்கத்தைச் சுரண்டும், இரண்டாவதில் உள்ள அமிலம் அடியிலுள்ள பட்டைத் தாக்கும். கறுத்த ஜரிகையை மேலும் ஈரமும் கந்தகமும் படாமல் அப்படியே காப்பது மேல். உடல் முழுக்க நைந்து கரை மட்டும் நன்றாக இருந்தால், கரையையும் முந்தானையையும் பிரித்தெடுத்துப் புதிய பட்டு உடலோடு சேர்த்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். மணப்பெண் அதையே மீண்டும் உடுத்த விரும்பினால் இது நல்ல வழி. புடவையை முழுதாகவே வைத்திருக்க விரும்பினால், கிழிந்த இடத்துக்குத் துணி தாங்கல் கொடுத்து, படுக்கை வாட்டில் விரித்து, மேலே எடை எதையும் அடுக்காமல் வைக்க வேண்டும்.